குட்டி எக்ஸ்எஸ்எல்டி ப்ராசஸர் எழுதியாச்சா? 0.1-ஆ வெளியிடுங்க

எக்ஸ்எம்எல் ஃபைலையும், அத எப்படி மாத்தணும்னு சொல்ற ஸ்டைல்ஷீட்டையும் குடுத்தா எச்டிஎம்எல்லா மாத்தித் தர்ற புரோகிராம் (அதான் எக்ஸ்எஸ்எல்டி ப்ராசஸர்) ஒன்னு எழுதி வெச்சிருக்கீங்க, பாதிதான் வேலை செய்யுது, முழுசா முடிச்சிட்டு வெளிய விடலாம்னு உக்காந்தீங்கன்னா அது முடியவே முடியாது லா. பாதியையே விடுங்க, எந்தப் பாதின்னு மட்டும் தெளிவா இருக்கணும்.

முதல்ல எல்லை போடுங்க. எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டும், அதாவது வெப்புக்கு ஸ்டாண்டர்ட் போடுற டபிள்யூ3சி 1999 நவம்பர்ல வெளியிட்டது. 2.0, 3.0 பக்கம் தலை வெச்சே படுக்காதீங்க. 1.0-லயும் டெம்ப்ளேட் (எந்த எலிமென்ட் வந்தா என்ன எழுதணும்னு சொல்றது), அப்ளை-டெம்ப்ளேட்ஸ், வேல்யூ-ஆஃப், ஃபார்-ஈச், இஃப் போதும். எக்ஸ்பாத்தையும் (எக்ஸ்எம்எல்லுக்குள்ள எது வேணும்னு குறிக்கிற மொழி) நானே எழுதுவேன்னு வீம்பு வேணாம், பைத்தான்ல செஞ்சா எல்எக்ஸ்எம்எல் லைப்ரரி பாத்துக்கும் (அதுக்குள்ளயே எக்ஸ்எஸ்எல்டி-யும் இருக்கு, அத மட்டும் தொடாதீங்க, அப்புறம் நீங்க என்னதான் எழுதுனீங்கன்னு கேப்பாங்க).

ரெண்டாவது பில்ட்-இன் ரூல்ஸ் (டெம்ப்ளேட் இல்லாத எடத்துல தானா ஓடுற ரூல்ஸ்), நிறைய பேரு வழுக்குற இடம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலை சாப்பாட்டுக் கடை மெனுவ எடுத்துக்குங்க: ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பேரு, விலை, சமையல்காரருக்கு ஒரு குறிப்பு. ஸ்டைல்ஷீட்ல பேருக்கு மட்டும் டெம்ப்ளேட் எழுதி ஓட்டுனா, விலையும் "உப்பு கம்மி"ங்கிற குறிப்பும் சேந்தே வெளிய கொட்டும். பக் இல்ல, ஸ்பெக்கே (டபிள்யூ3சி எழுதி வெச்ச விதிமுறை) அப்படித்தான். டெம்ப்ளேட் இல்லாத எலிமென்ட்டுன்னா அதோட பிள்ளைங்களுக்குள்ள இறங்கணும், டெக்ஸ்ட்டுன்னா அப்படியே காப்பி பண்ணணும். குறிப்பு வேணாம்னா ஸ்டைல்ஷீட் எழுதுறவங்கதான் அதுக்குக் காலி டெம்ப்ளேட் போடணும். இந்த ரூல்ஸ நீங்க எழுதாம விட்டா, ரூட்டுக்கு (எக்ஸ்எம்எல்லோட உச்சிக்கு) டெம்ப்ளேட் இல்லாத எந்த ஸ்டைல்ஷீட்டும் வெறும் பக்கத்ததான் குடுக்கும், அதனால இத முதல்லயே எழுதிடுங்க.

ஒரே எலிமென்ட்டுக்கு ரெண்டு டெம்ப்ளேட் பொருந்துனா ப்ரையாரிட்டி பாக்கணும்: நட்சத்திரக் குறிக்கு -0.5, வெறும் பேருக்கு 0, "ஐட்டத்துக்குள்ள இருக்கிற பேரு" மாதிரி பேட்டர்னுக்கு 0.5. அதுலயும் சமமா வந்தா கடைசியா எழுதுனத எடுங்க, ஸ்பெக் அதுக்கு எடம் குடுக்குது.

உங்களுக்குத் தெரியாத இன்ஸ்ட்ரக்ஷன் வந்தா? கண்டுக்காம தாண்டிப் போகவே கூடாது. சார்ட் (வரிசைப்படுத்துறது) எழுதலன்னா "லைன் 14: சார்ட் இன்னும் இல்ல"ன்னு சொல்லிட்டு நின்னுடணும். தப்பான மெனுவ சத்தமில்லாம குடுக்குற ப்ராசஸர விட பாதியில நிக்கிறது எவ்வளவோ மேல்.

டெஸ்ட்டுக்கு ஏற்கனவே இருக்கிற லிப்எக்ஸ்எஸ்எல்டி லைப்ரரி கூட வர்ற எக்ஸ்எஸ்எல்டிப்ராக் கமாண்ட வெச்சுக்குங்க, அதே ரெண்டு ஃபைல அதுலயும் உங்களோடதுலயும் ஓட்டி, அவுட்புட்ட ஒப்பிட்டு டிஃப் பாருங்க. மொத மொத வர்ற வித்தியாசம் பெரும்பாலும் ஸ்பேஸும் லைன் பிரேக்கும்தான், பயந்துடாதீங்க. நம்ம ஊரு மெனுல தமிழ், மலாய், சீனம் மூணும் ஒரே ஃபைல்ல இருக்கும்ங்கறதால ஃபைல் எழுதும்போது யூடிஎஃப்-8னு நீங்களே சொல்லிடுங்க, விண்டோஸ் இஷ்டத்துக்கு விட்டா தமிழ் எழுத்து கேள்விக்குறியா போயிடலாம். இன்னொன்னு, எக்ஸ்டெர்னல் என்டிட்டிய (எக்ஸ்எம்எல்லுக்குள்ள வெளி ஃபைல இழுத்துட்டு வர்ற வசதி) ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா எவனோ அனுப்புற எக்ஸ்எம்எல் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலயே படிச்சு அவுட்புட்ல வெச்சிடும்.

இனி வெளியீடு, ஈஸிதான். ரீட்மீ மேலயே எது ஓடும் எது ஓடாதுன்னு எழுதுங்க, அந்த மெனுவயும் ஸ்டைல்ஷீட்டையும் சாம்பிளா வைங்க, எம்ஐடி லைசென்ஸ் மாதிரி ஒன்னு போடுங்க (லைசென்ஸ் இல்லன்னா யாரும் தைரியமா எடுத்து மாத்த மாட்டாங்க), 0.1.0-னு டேக் அடிச்சு கிட்ஹப்ல ப்ரீ-ரிலீஸ்னு டிக் பண்ணுங்க. முன்னால 0 இருந்தாலே எப்ப வேணா மாறும்னு புரிஞ்சுக்குவாங்க.

யாராவது "ஓடல"ன்னு மட்டும் சொன்னா மூணு விஷயம் கேளுங்க: எக்ஸ்எம்எல் ஃபைல், ஸ்டைல்ஷீட், என்ன வரணும்னு நெனச்சாங்க. அது மூணையும் டெஸ்ட் ஃபோல்டர்ல போட்டுட்டு அப்புறமா கோட தொடுங்க.