மதுரைக்கு இரண்டு நாள்: முதலில் மதியத்தைக் கணக்குப் பண்ணுங்கள்

போன வருஷம் பெங்களூரிலிருந்து என் அத்தை மகன் குடும்பத்தோடு வந்தான். காரை எங்கோ நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து வந்து, செருப்பைக் கொடுத்து, செல்போனை லாக்கரில் வைத்து, குழந்தைக்குத் தண்ணீர் காட்டி, மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை அடையும்போது மணி பன்னிரண்டு நாற்பது. நடை சாத்தியாச்சு. இனி நாலு மணிக்குத்தான். மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான்தான் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டமாதிரி.

அதற்குப் பிறகு யார் மதுரைக்கு வருகிறேன் என்றாலும் முதலில் நான் சொல்வது இதுதான். எதையெல்லாம் பார்ப்பது என்ற பட்டியலை அப்புறம் எழுதலாம், பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி வரை எங்கே இருப்போம் என்பதை முதலில் எழுதுங்கள். இந்த ஊர் விடிகாலையிலும் ராத்திரியிலும்தான் ஊர், நடுவில் அது படுத்துவிடும். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு கூரையும் ஒரு சாப்பாடும் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து உட்காரும்.

எப்போது வரலாம்? கார்த்திகை, மார்கழியில் வெயில் இல்லை, ஆனால் ஐயப்ப சாமிகள் கூட்டம் கோயிலை நிறைத்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு வருவது வேறு பயணம், அதை இதோடு சேர்க்காதீர்கள், அறையும் கிடைக்காது நடக்க இடமும் இருக்காது. என்னைக் கேட்டால் ஆவணி, புரட்டாசி, இல்லையென்றால் தை கடைசி. பௌர்ணமியும் பெரிய முகூர்த்த நாளும் விழாத சனி ஞாயிறாகப் பாருங்கள்.

சென்னைக்காரர்கள் வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினால் சனி காலை காபி நேரத்துக்கு மதுரையில் இறங்கலாம். அறையை ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில் எடுங்கள், டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி அந்தப் பக்கம். மாட்டுத்தாவணியில் வாடகை குறைவு, அறையும் பெரிசு என்று சிலர் போவார்கள், மிச்சமாகும் காசு ஆட்டோவுக்கே போய்விடும், ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நடந்து வந்து படுக்கிற சுகமும் கிடைக்காது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் கோயிலில் இருங்கள். ஆண்கள் வேட்டி அல்லது பேண்ட், பெண்கள் சேலை அல்லது சுடிதார், அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். செல்போன் 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கிடையாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் லாக்கர் வரிசை மிச்சம். இங்கே முதலில் அம்மன், அப்புறம்தான் சுவாமி, அதனால் கிழக்கில் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் பத்து நிமிஷமாவது உட்காருங்கள், அங்கிருந்து தெரிகிற தெற்குக் கோபுரம்தான் பதினாலு கோபுரங்களிலும் உயரமானது, ஏறத்தாழ 170 அடி.

தரிசனம் முடிந்ததும் பாதிப் பேர் வெளியே வந்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி கல்யாணச் சிற்பம் இருக்கிறது, பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்க நடுவில் தங்கச்சி தலை குனிந்து நிற்கிறாள், அந்த வெட்கத்தைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தான் என்று நான் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனி டிக்கெட் உண்டு, எடுத்துவிடுங்கள். தூண்கள் ஆயிரம் இல்லை, 985. குழந்தைகளை எண்ணச் சொல்லி விட்டால் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். கூட வேற்று மத நண்பர்கள் இருந்தால் சன்னதிக்குள் மட்டும் போக முடியாது, மண்டபங்களையும் குளத்தையும் பார்க்கலாம், இதை முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள், அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டாம்.

பத்தரைக்கு வெளியே வந்துவிட்டால் வெயில் ஏறும் முன் கொஞ்சம் நடக்கலாம். மதுரை வீதிகளின் பெயரைப் புரிந்துகொண்டால் மேப்பே வேண்டாம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி, எல்லாம் கோயிலை நடுவில் வைத்து ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போகும் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு என்று நாலு பக்கம். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று ஒட்டாத பெயர்கள் வரும். அங்கேதான் பழைய கோட்டை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார், அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்தான் வீதிக்கு நிலைத்தது. கலெக்டருக்குக் கிடைத்தது ஒரு விளக்குக் கம்பம், அதுதான் விளக்குத்தூண். இன்றைக்கு அவரை யாருக்கும் தெரியாது, அந்தப் பக்கம் போவது ஜிகர்தண்டா குடிக்க.

மேல மாசி வீதி 251-ஏ எண் வீட்டையும் பாருங்கள், இப்போது கீழே காதிக் கடை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையும் தலைப்பாகையும் துறந்து அரையாடைக்கு மாறியது இந்த மாடியில்தான். அஞ்சு நிமிஷ வேலை, ஆனால் விடக் கூடாதது.

இப்போது அந்த மதியம். ஒரு மணிக்கு மெஸ் ஏதாவது ஒன்றில் கறிச்சாப்பாடு, சைவம் என்றால் இலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பிறகு அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுங்கள். தூங்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்கிறவர்கள்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குத் தலைவலிக்கிறது என்று கிளம்புகிறவர்கள். எழுந்து மூன்று மணிக்குத் திருமலை நாயக்கர் மகால், ஐந்து மணிக்குள் பார்த்துவிடலாம். 1636இல் கட்டியதில் கால் பங்குதான் இப்போது நிற்கிறது, மீதியில் நிறைய பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்துத் திருச்சிக்குப் போய்விட்டது. முற்றத்து நடுவில் நின்று சுற்றிலும் தூண்களைப் பார்த்துவிட்டு, இதுவே கால் பங்கா என்று ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். நேப்பியர் பிரபு மதராஸ் கவர்னராக இருந்தபோது பழுது பார்க்காமல் விட்டிருந்தால் இதுவும் மிஞ்சியிருக்காது. தூணில் பெயர் கிறுக்கியிருப்பவர்களைத் திட்டிக்கொண்டே வெளியே வாருங்கள், எல்லோரும் அப்படித்தான் வருகிறோம்.

ராத்திரிதான் சனிக்கிழமையின் முக்கியமான பாகம். ஒன்பது மணிவாக்கில் திரும்பக் கோயிலுக்குப் போங்கள், பள்ளியறை பூஜை. சொக்கரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளம் நாதஸ்வரத்தோடு அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். தினமும் நடக்கிறது, தள்ளுமுள்ளு குறைவு, பகலில் வரிசையில் நின்றபோது கிடைக்காத கோயில் அந்த நேரத்தில் கிடைக்கும். நேரம் அன்றன்றைக்குக் கொஞ்சம் மாறும், காலையிலேயே உள்ளே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்பாடு, இந்த ஊரின் இரவுக் கடைகளுக்கு அல்லங்காடி என்று சங்கப் பாட்டிலேயே பெயர் உண்டு, அதனால் பத்து மணிக்கு மேல் என்ன கிடைக்கும் என்ற கவலை வேண்டாம். தோசை, முட்டை, மேலே கொத்துக்கறி என்று அடுக்கிய கறி தோசை ஒன்றை இரண்டு பேர் பங்கு போடுங்கள், தனியாக ஒருவர் முடித்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. வயிறு கேட்டால் தெருவோரம் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பால்.

ஞாயிறு ஊருக்கு வெளியே. ஆறு மணிக்கு ஆட்டோவோ காரோ பேசி கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கிளம்புங்கள், தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் உள்ளே. ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம், அதற்குப் பின்னால் பாறை. படியேறினால் பேச்சிப்பள்ளம், சுனையை ஒட்டிப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்தில் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு, குகைக்குள் பெரிய தீர்த்தங்கரர், ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். எட்டரைக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், தண்ணீர் கையோடு இருக்கட்டும், மேலே கடை கிடையாது. முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் இதை விட்டுவிட்டு அழகர்கோயில் போங்கள், அங்கே பெருமாளுக்குப் படைக்கிற தோசை கிடைக்கும், மொறுமொறுவென்று தடியாக இருக்கும்.

திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கீழடி. ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமான் தாண்டி, ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் போல. செவ்வாய்தான் விடுமுறை, ஞாயிறு பயமில்லை. 2023இல் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள். எல்லாப் பலகையையும் படிக்க வேண்டாம். ஆதன் என்று கீறிய பானை ஓடு, தந்தத்துப் பகடைக்காய், நூல் நூற்ற தக்களி, இந்த மூன்றின் முன்னால் நின்றால் போதும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் தன் பானையை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறான், எங்கள் ஆபீஸ் டிபன் டப்பாவிலும் அதே கதைதான். ஞாயிறு மதியத்துக்கான கூரையும் இதுவே.

திரும்பும் வழியில் வெயில் தாழ்ந்ததும் வண்டியூர் தெப்பக்குளத்தில் இறங்கலாம். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்று ஊரில் சொல்வார்கள், கோயிலில் நீங்கள் பார்த்த முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்ததும் இங்கேதான் என்பார்கள். மைய மண்டபத்தைப் பார்த்தபடி சுவரில் உட்காருங்கள், சுற்றிலும் பஜ்ஜி, சுண்டல், பானிபூரி. நேரம் மிச்சம் இருந்தால் தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி மியூசியம் என்று ஆசைப்படுவீர்கள், மாலை ஆறுக்குள் மூடிவிடும், இரண்டையும் சேர்க்க முடியாது. நான் தெப்பக்குளத்தைத்தான் எடுப்பேன்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மல்லிகை வாங்குங்கள், காலையில் வேண்டாம். மொட்டாக இருப்பதைக் கேளுங்கள், விரிந்த பூவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பனிக்காலத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், அப்போது முழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லி, பைக்கு மேலாக வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், வேர்த்துவிடும்.