ரொறன்ரோவில் கோடையின் கடைசி ஐந்து கிழமை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஆகஸ்ட் 20 அளவில் ரொறன்ரோவில் மாலை 8 மணி தாண்டித்தான் சூரியன் மறையும். செப்டெம்பர் 22இல் 7.15க்கே இருட்டத் தொடங்கிவிடும். இந்த ஐந்து கிழமைக்குள் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிட வெளிச்சத்தை இழக்கிறோம். ஆனால் எல்லாம் ஒரே நாளில் முடிவதில்லை. கண்காட்சி முடிவது ஒரு நாள், ஏரி குளிர்வது வேறொரு நாள், பீச் பழமும் தக்காளியும் அவற்றுக்கென்று தனித்தனிக் காலத்தில் ஓய்கின்றன. எது முதலில் கை நழுவுமோ அதை முதலில் செய்தால் அவசரமில்லாமல் எல்லாவற்றையும் அனுபவிக்கலாம். பலர் லேபர் டே என்ற தொழிலாளர் தின விடுமுறையின் மூன்று நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்த்து, பாதி நேரத்தை நெடுஞ்சாலை நெரிசலில் கழிக்கிறார்கள்.

லேபர் டேயுடன் முடிபவை

1879இல் தொடங்கிய கனேடிய தேசியக் கண்காட்சி, அதாவது சீ.என்.ஈ., லேபர் டே அன்று முடியும் 18 நாள் விழா. செப்டெம்பரின் முதல் திங்கள்தான் லேபர் டே. அதற்குப் பிறகு அடுத்த ஆண்டுதான். வார நாளில், வாசல் திறக்கும் நேரத்துக்கே போங்கள். காரை எடுக்காதீர்கள். யூனியன் நிலையத்திலிருந்து லேக்‌ஷோர் வெஸ்ட் கோ ரயில் எக்ஸிபிஷன் நிலையத்தில் நிற்கும். 509 ஸ்ட்ரீட்காரும் அங்கே போகும். விவசாயக் கூடத்தையும் விலங்குகளையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள், ராட்டினங்களை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த ஒழுங்கைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும், ஏனென்றால் மதியம் 2 மணிக்கு மேல் பிள்ளைகள் நடக்கமாட்டார்கள்.

லேபர் டே வார இறுதியில் ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி நடக்கும். அதைப் பார்க்க உள்ளே போக வேண்டும் என்றில்லை. மேற்குப் பக்கத்தில் மேரிலின் பெல் பூங்காவிலிருந்தோ சன்னிசைட் கரையிலிருந்தோ இலவசமாகப் பார்க்கலாம். கைக்குழந்தை இருந்தால் காதுக்கவசம் அவசியம். போர் விமானங்களின் சத்தம் நெஞ்சுக்குள் அதிரும்.

ஏரி

ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர் ஆகஸ்டில்தான் ஆண்டிலேயே அதிகச் சூடாக இருக்கும். அப்படியிருந்தும் நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று கால் நோகுமளவுக்குக் குளிர்வதுண்டு. காரணம் காற்று. மேற்கிலிருந்து ஓரிரு நாள் தொடர்ந்து பலமாக வீசினால் மேற்பரப்பிலுள்ள சூடான நீர் நமது வடகரையை விட்டு விலகும். அந்த இடத்துக்கு அடியிலிருக்கும் குளிர்நீர் ஏறிவரும். கிழக்குக் காற்று வீசினால் சூடான நீர் கரைக்குத் திரும்பும். ஆகவே போகும் நாளின் வெயிலை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய இரண்டு நாளும் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று பாருங்கள்.

பலத்த மழைக்குப் பிறகு இரண்டு நாள் இறங்க வேண்டாம். மழைநீரோடு கழிவும் ஏரிக்குள் வரும். ரொறன்ரோ நகரம் கடற்கரைகளின் நீரைச் சோதித்து முடிவை வெளியிடுகிறது. 100 மில்லிலீற்றருக்கு 100 ஈ.கோலைக்கு மேல் போனால் குளிக்க வேண்டாம் என்று அறிவிப்பார்கள். நகரக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் பொதுவாக லேபர் டே வரைதான் நிற்பார்கள்.

ரொறன்ரோவுக்கு வடக்கே, ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவிலுள்ள வசாகா கரை வேறு மாதிரி. அங்கே தண்ணீர் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போவதால் சீக்கிரம் சூடேறும். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு வரும் வெயிலான வார இறுதிகள்தான் அங்கே போக மிகச் சிறந்த நேரம், கூட்டம் குறைந்திருக்கும், நீரில் சூடு மிச்சமிருக்கும். ஆனால் உயிர்காப்பாளரை எதிர்பார்க்காதீர்கள். வடமேற்குக் காற்று பலமாக வீசினால் அலை உயரும், அன்று முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். காற்றடைத்த மெத்தை, வாத்து, வளையம் எல்லாம் கரையிலிருந்து ஏரிப்பக்கம் வீசும் காற்றில் சில நிமிடத்தில் எட்டாத் தூரம் போய்விடும். நீந்தத் தெரியாதவருக்கு, பெரியவரானாலும், உயிர்காப்பு அங்கிதான் பாதுகாப்பு.

பூங்காவில் சாப்பிடுபவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் மஞ்சள் குளவித் தொல்லை உச்சத்துக்குப் போகும். கோடை நடுவில் குளவிகள் கூட்டிலுள்ள தம் குஞ்சுப் புழுக்களுக்கு இரை தேடி அலையும், பதிலுக்குப் புழுக்கள் சுரக்கும் இனிப்பு நீரைக் குடிக்கும். கோடை முடிவில் கூட்டில் புழுக்கள் குறைந்துவிடுவதால் இனிப்பைத் தேடி நம் மேசைக்கு வருகின்றன. குடிபானத்தைத் தகரப் பேணியிலிருந்து நேரே குடிக்காதீர்கள், உள்ளே குளவி இருந்தால் தெரியாது. தெளிவான கோப்பையில் ஊற்றுங்கள். மாம்பழச் சாறும் வெட்டிய பழமும் மூடியே இருக்கட்டும். கறியையும் சோற்றையும் முதலில் முடித்துவிட்டு இனிப்பைக் கடைசியாகத் திறந்து உடனே மூடுங்கள். கையை வீசி விரட்டினால் கொட்டும்.

ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் நீளக் காற்சட்டை போட்டு, அதன் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அங்கே உண்ணி உண்டு. வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுத்து எடுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம்.

பீச், திராட்சை, சோளம்

நயாகரா பீச்சுக்கு ஆகஸ்ட் முழுவதும் உச்சக் காலம், செப்டெம்பர் நடுப்பகுதியில் ஓய்ந்துவிடும். குவீன் எலிசபெத் வே நெடுஞ்சாலையில் நேரே போவதை விட, கிரிம்ஸ்பியில் இறங்கி 81ஆம் பிராந்திய வீதியில் பீம்ஸ்வில், வைன்லண்ட் வழியாகப் போனால் தோட்டக்காரர்களின் கடைகள் வீதியோரமே இருக்கும். சனிக்கிழமை என்றால் காலை 8 மணிக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

பழத்தின் சிவப்பைப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. சிவப்பு வெயில் பட்ட பக்கத்தின் நிறம், இனத்துக்கு இனம் மாறும். காம்புக்குழியைச் சுற்றியுள்ள அடிநிறத்தைப் பாருங்கள். அங்கே பச்சை இருந்தால் பழம் முற்றாமல் பறித்தது, வீட்டில் வைத்தால் மெதுவாகுமே தவிர இனிக்காது. மஞ்சளாக இருந்தால் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் வாங்கலாம். வீட்டில் ஒரே அடுக்காக, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, அறை வெப்பத்தில் ஒன்றிலிருந்து மூன்று நாள் வையுங்கள். தோள்ப்பகுதி விரலுக்கு இலேசாக அமுங்கினால் பிரிட்ஜுக்குள் போகலாம். பழுக்குமுன் குளிரில் வைத்தால் சதை மாவாகிச் சாறு வற்றிவிடும், பிறகு வெளியே எடுத்து வைத்தும் பயனில்லை.

குளிர்காலத்துக்குச் சேமிக்க, விதை எளிதில் கழலும் இனமாகக் கேட்டு வாங்குங்கள். கொதிநீரில் 30 முதல் 60 விநாடி போட்டு, ஐஸ் நீருக்கு மாற்றினால் தோல் கையோடு உரிந்து வரும். துண்டாக்கி எலுமிச்சைச் சாறு பிசறி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டுப் பிறகு பைக்குள் போடுங்கள். நேரே பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும்.

அதே கடைகளில் ஆகஸ்ட் கடைசியில் கொரனேஷன் என்ற கருநீல விதையில்லாத் திராட்சை வரும். கொஞ்சக் காலந்தான் கிடைக்கும், கண்டால் விடாதீர்கள்.

சோளத்தை மடலை உரித்துப் பார்த்து வாங்க வேண்டாம், உரித்த கதிர் காய்ந்துவிடும். மடல் பச்சையாக இறுக்கமாகவும், நுனி நார் பழுப்பாகவும் இருக்க வேண்டும். மடலுக்கு மேலாலே தடவினால் மணிகள் நுனிவரை நிறைந்திருப்பது தெரியும். பறித்த நேரத்திலிருந்து சீனி மாச்சத்தாக மாறத் தொடங்குவதால் அன்றைக்கே சமையுங்கள். உப்பில்லாத கொதிநீரில் நான்கு நிமிடம் போதும். பிறகு தேசிக்காய், உப்பு, மிளகாய்த்தூள்.

தக்காளியைப் போத்தலில் அடைப்பது

ஒரு முழு நாளைக் கொடுக்கத் தகுந்த வேலை இது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை ரோமா தக்காளி பெட்டி பெட்டியாக வரும். அரை புஷல், ஏறக்குறைய 12 கிலோ, வாங்கினால் எட்டு முதல் பத்து ஒரு லீற்றர் போத்தல் கிடைக்கும்.

கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் வரை போட்டு, தோல் வெடித்ததும் குளிர்நீருக்கு மாற்றி உரித்து, காம்படி நீக்கி நாலாக வெட்டுங்கள். இனி வேகம் முக்கியம். ஆறில் ஒரு பங்கை மட்டும் பெரிய பானையில் போட்டு, பலத்த நெருப்பில் மசித்துக் கொதிக்க வையுங்கள். கொதிக்கக் கொதிக்க மீதியைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுங்கள், அவற்றை மசிக்கத் தேவையில்லை. எல்லாம் சேர்ந்தபின் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். வெட்டிய தக்காளியை நீண்ட நேரம் அப்படியே வைத்தால் அதிலுள்ள நொதி, சாற்றைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டினைச் சிதைத்துவிடும். போத்தலில் கீழே தண்ணீர், மேலே சக்கை என்று பிரிந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

சூடான மேசன் போத்தலில் (மூடியும் வளையமும் போட்டு அடைக்கும் கண்ணாடிப் போத்தல்), தக்காளியை ஊற்றுமுன், போத்தலில் விற்கும் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள்: 500 மில்லிலீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லீற்றருக்கு இரண்டு. பழத்தைப் பிழிந்த சாறு சரிவராது, அதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்பது. புளிப்புக் குறைந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி மூடிய போத்தலுக்குள் வளரலாம், மணத்திலோ நிறத்திலோ அது தெரியாமலும் இருக்கும். இதனாலேயே வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், எண்ணெய் எதையும் இதில் சேர்க்காதீர்கள். தாளித்த குழம்புச் சாறாகத்தான் வேண்டும் என்றால் செய்து ஃபிரீசரில் வையுங்கள்.

மேலே அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி, குச்சியால் காற்றுக்குமிழை வெளியேற்றி, விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, புது மூடி போட்டு, வளையத்தை விரல் நுனியால் மட்டும் முடுக்குங்கள். போத்தலுக்கு மேல் ஒரு அங்குலம் நீர் நிற்கும் பானையில், நீர் முழுக்கக் கொதித்த பிறகு கணக்கெடுத்து, 500 மில்லிலீற்றர் போத்தலை 35 நிமிடமும் ஒரு லீற்றர் போத்தலை 45 நிமிடமும் வையுங்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து எடுங்கள், உடனே எடுத்தால் சாறு வெளியே கசியும். 12 மணி நேரத்துக்குக் குறையாமல் அசைக்காமல் விடுங்கள். மூடியின் நடுவை அமத்தினால் டக்கென்று மேலெழும்புகிறதா? அது அடைபடவில்லை, பிரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிட்டு முடியுங்கள்.

மோர்மிளகாய்

வீட்டுத் தோட்டத்து மிளகாய்க்கு ஒரு கிலோவுக்கு ஒரு லீற்றர் புளித்த மோர், 100 கிராம் உப்பு. கீறி ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மீண்டும் மோருக்குள் என்று மோர் வற்றும்வரை செய்யும் முறை இங்கேயும் அதேதான். மாறுவது ஒன்று: செப்டெம்பர் இரவுப் பனி. 6 மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள், ஒரு இரவு வெளியே கிடந்தாலே பூஞ்சணம் பிடிக்கும். மோர் வற்றிய பிறகும் சலசலக்குமளவுக்குக் காயவில்லையென்றால், ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவைச் சற்றுத் திறந்துவிட்டுக் காயவையுங்கள். சாளரத்தையும் திறந்து வையுங்கள், காரம் வீடு முழுக்க நிற்கும்.

செப்டெம்பரில் பார்க்க: மொனார்க்

மெக்சிகோவுக்குப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் பரந்த ஏரியைக் கடக்கத் தயங்கி வடகரையில் சேரும். ஸ்காபரோவில் கிங்ஸ்டன் வீதியிலுள்ள ரொசெட்டா மக்லேன் தோட்டம் இதற்கு நல்ல இடம். குளிர்ந்த காற்று வந்து மழை விலகி, வடமேற்கிலிருந்து வீசும் நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையில் மரக்கிளையில் இறக்கை மூடித் தொங்கும்போது காய்ந்த இலையென்றே தோன்றும், வெயில் ஏறி உடல் சூடான பிறகுதான் ஒவ்வொன்றாக விரியும். ஆகவே அவசரப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ரொட் செடிகளிலும் தேடுங்கள், அவை பயணத்துக்கு முன் தேன் குடிக்கும் இடம் அது. தும்மலுக்கு இந்தப் பூவைக் குற்றம் சொல்வார்கள். உண்மையில் அதே காலத்தில் கண்ணுக்குப் படாமல் பூக்கும் ரக்வீட் செடியின் மகரந்தந்தான் காரணம்.

கடைசியாகக் கறிவேப்பிலை

இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முன் கறிவேப்பிலையும் முருங்கையும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். ரொறன்ரோவில் அது செப்டெம்பர் பிற்பகுதி. ஒரே நாளில் வெயிலிலிருந்து உள்ளே தூக்கினால் இலை முழுவதும் கொட்டும். ஒரு கிழமை முதல் பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள். இலையின் இரு பக்கத்தையும், குறிப்பாக அடிப்பக்கத்தை, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பூச்சிகொல்லிச் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். செதில்பூச்சி தண்டில் ஒட்டிய சிறு பழுப்புப் புள்ளியாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் கழன்றுவிடும். ஏழு நாள் கழித்து இரண்டாம் முறை தெளித்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள், ஹீற்றர் போட்ட வீட்டின் வறண்ட காற்றில் மிஞ்சிய ஒன்றிரண்டு சிலந்திப்பேனே செடி முழுதும் பெருகிவிடும்.

தெற்குச் சாளரம்தான் அதற்கு இடம். குளிர்காலத்தில் உரம் வேண்டாம். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஜனவரியில் இலை உதிர்ந்தாலும் பயந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், இங்கே குளிரை விட வேர் அழுகித்தான் அதிகம் கறிவேப்பிலைகள் சாகின்றன. தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது.