கரும்புச்சாறு இயந்திரத்துக்கு எந்த கிரீஸ்?

கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தின் பேரிங்குக்குக் கிரீஸ் வாங்கும்போது, டப்பாவில் அமெரிக்கத் தரச்சான்று அமைப்பான என்.எஸ்.எஃப்.-இன் ‘என்.எஸ்.எஃப். எச்1’ (NSF H1) என்ற பதிவுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃபுட் கிரேட்’ என்ற அச்சு மட்டும் போதாது. எச்1 வகை, தற்செயலாக உணவில் படக்கூடிய இடங்களுக்கென்றே அனுமதிக்கப்பட்ட பொருள்களால் ஆனது. அதுவும் உணவில் கலக்க அமெரிக்க விதி தரும் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 10 பங்குதான். தாராளமாக அப்புவதற்கு அது உரிமம் அல்ல.

சமையல் எண்ணெய் விடுவது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் அது காற்றுப் பட்டுச் சிக்குப் பிடித்து, பிசினாக இறுகிவிடும். பழைய கிரீஸைத் துடைத்தெடுத்த பிறகே புதியதை வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இளகி வழியும்.

சாறு படும் உருளைப் பரப்புக்கு எச்1 கிரீஸும் கூடாது. கீழே தனி உறைக்குள், உணவுக்கு எட்டாமல் இருக்கும் மோட்டாருக்கு, அத்தகைய இடங்களுக்கான எச்2 வகை போதும்.