ஈஆர்பி பழக ஒரே ஒரு கொள்முதல் போதும்

ஈஆர்பி என்பது ஒரு நிறுவனத்தின் கொள்முதல், குடோன், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள். அதைக் கற்றுக்கொள்ள உட்காருபவர்கள் பெரும்பாலும் மெனுக்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அது வேண்டாம். ஒரு பொருளை வாங்குவதிலிருந்து பணம் கொடுப்பது வரை ஒரு முறை பதிவு செய்து பாருங்கள். கொள்முதல், குடோன், கணக்கு மூன்றும் எங்கே சேருகின்றன என்பது பிடிபடும். பழக ஈஆர்பிநெக்ஸ்ட், ஒடூ கம்யூனிட்டி போன்ற திறமூல மென்பொருள்கள் உண்டு.

முதலில் ஐட்டம் மாஸ்டர், அதாவது பொருள்களின் அடிப்படை விவரப் பதிவு. இங்கே அவசரம் ஆகாது. ஏ4 காகிதம் என்று ஒரு பொருளை உருவாக்குங்கள். வாங்குவது பெட்டியில், எடுத்துக் கொடுப்பது கட்டில். ஒரு பெட்டிக்கு 5 கட்டு என்று அலகு மாற்றத்தைப் பதியுங்கள். அதை 1 என்று விட்டால், 10 பெட்டி வந்தாலும் இருப்பு 10 கட்டுதான் காட்டும். குடோனில் காகிதம் குவிந்திருக்கும், திரை 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லும்.

சப்ளையர் ஒருவர், குடோன் ஒன்று போதும். வரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர்: 10 பெட்டி, பெட்டிக்கு 1,000. சமர்ப்பித்துவிட்டு இருப்பையும் பேரேட்டையும் (கணக்குவாரியான பற்று வரவுப் பதிவு) திறந்து பாருங்கள். எதுவும் மாறியிருக்காது. ஆர்டர் வெறும் வாக்குதானே!

சரக்கு வரவில் வேண்டுமென்றே 9 பெட்டி மட்டும் பதியுங்கள். இருப்பு 45 கட்டு ஏறும். ஈஆர்பிநெக்ஸ்டில் பார்த்தால், பேரேட்டில் சரக்கு இருப்புக் கணக்கில் 9,000 பற்று. எதிர்ப்பக்கம் சப்ளையர் பெயரில் வரவு விழும் என்றுதான் நினைப்போம். ஆனால் அது 'சரக்கு வந்தது, பில் வரவில்லை' என்ற இடைக்கணக்கில் விழும். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். பில் அடுத்த மாதம் வந்தாலும் கடன் இந்த மாதமே உண்டாகிவிட்டது. அதை இந்த இடைக்கணக்கு தாங்கி நிற்கிறது.

இப்போது சப்ளையர் பில்லை 10 பெட்டிக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் ஒப்பிடும்படி அமைத்திருந்தால் மென்பொருள் தடுக்கும். தடுக்கவில்லையா? அந்த அமைப்பைத் தேடிச் சரிசெய்யுங்கள். வராத சரக்குக்குப் பணம் போவது இந்த ஓட்டை வழியாகத்தான். பில்லை 9 ஆக்கியதும் இடைக்கணக்கு பூஜ்யமாகும், சப்ளையருக்குப் பாக்கி 9,000 நிற்கும். பணம் கொடுத்ததைப் பதிந்தால் அதுவும் தீரும்.

கடைசியாக, சமர்ப்பித்த சரக்கு வரவைத் திருத்த முயன்று பாருங்கள். எக்செல் பழகிய கைக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்: நேரடியாக அழிக்க முடியாது. ஈஆர்பிநெக்ஸ்டில் பணப்பதிவு, பில், சரக்கு வரவு என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டு வர வேண்டும்.