வார்டு கிராம சபையில் கை தூக்குவதற்கு முன்னால்

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கத்தில் வீடு இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். வருஷா வருஷம் பஞ்சாயத்துக்கு வீட்டு வரி கட்டுகிறோம், ரசீதை ரேஷன் கார்டு கவருக்குள் சொருகி வைக்கிறோம், அதோடு மறந்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குக் கதவு இல்லை, ராத்திரி நெஞ்சுவலி என்றால் வண்டி கிடைக்கவில்லை என்பதையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறோம். அதைப் பேச வேண்டிய இடம் வார்டு கிராம சபை, அதாவது வார்டு ஓட்டர்கள் எல்லோரும் கூடுகிற கூட்டம். நான் ரெண்டு மூணு தடவை அங்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன், எப்படிக் கேட்டால் காரியம் நடக்கும் என்பது அப்புறம்தான் பிடிபட்டது.

என் அக்கா மகன் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் இருக்கிறான். அங்கே தேர்தல் நாளில் வாக்குச் சீட்டிலேயே பள்ளிக்கு இவ்வளவு வரி, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் இவ்வளவு வரி என்று தனித்தனியாகப் போட்டிருக்குமாம், சம்மதமா இல்லையா என்று ஓட்டுரிமை உள்ளவர்கள் சொல்ல வேண்டுமாம். நம் ஊரில் இப்படி ஒரு ஓட்டு கிடையாது. அரசு வகுத்த வரம்புக்குள் பஞ்சாயத்துக் கமிட்டி வரியைத் தீர்மானிக்கிறது, ஏதாவது ஒரு தனித் திட்டத்துக்காக வரிக்கு மேல் சர்சார்ஜ் போடவும் 1994-ஆம் வருஷத்துக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் முதலில் எதற்குப் போக வேண்டும் என்று சொல்வதும், போன பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் நம் உரிமை என்று அதே சட்டம் சொல்கிறது.

முதலில் ரசீதை எடுத்துப் படியுங்கள். வீட்டு வரியோடு நூலக செஸ் என்று ஒன்று இருக்கும், அது வரியில் 5 சதவீதம். வாசகசாலையில் ஒரு தமிழ்ப் பத்திரிகைகூட வாங்குவதில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ரசீதில் அந்த செஸ்ஸைக் காட்டியே கேட்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து வீட்டு வரி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது, அதே சமயம் சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையிலான வீட்டுக்கு வரியே இல்லை, அதாவது சுமார் 645 சதுர அடி. தெரியாமல் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வயசானவர்கள் நம் வார்டுகளில் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். வில்லேஜ் ஆபீசில் கட்டும் நிலக் கரம் வேறு, அது அரசுக்குப் போகிறது, ரெண்டையும் குழப்பிக்கொண்டு பஞ்சாயத்தில் போய் நிற்க வேண்டாம்.

அடுத்து, எதை யாரிடம் கேட்பது. நான் வெறுங்கையோடு திரும்பியதற்கு இதுதான் காரணம், நம்மில் பலரும் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். அரசு எல்.பி., யு.பி. பள்ளிகளின், அதாவது ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பு. அரசு ஹைஸ்கூல் என்றால் ஜில்லா பஞ்சாயத்து. ஆரம்ப சுகாதார நிலையம் கிராம பஞ்சாயத்திடம் இருக்கிறது, தாலுகா ஆஸ்பத்திரி பிளாக் பஞ்சாயத்திடம். 108 ஆம்புலன்ஸும் ஃபயர் ஃபோர்ஸும் மாநில அரசினுடையவை, பஞ்சாயத்து வரியில் நடப்பவை இல்லை. அதனால் கிராம சபையில் எழுந்து 'எங்களுக்கு ஃபயர் ஸ்டேஷன் வேண்டும்' என்று கேட்டால் மெம்பர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பங்குனி, சித்திரை வெயிலில் நம் பக்கத்துத் தென்னந்தோப்பில் சருகு பற்றிக்கொண்டால், சித்தூரிலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் போட்டு அரசுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பஞ்சாயத்திடமே கேட்க வேண்டியவை வேறு: ஃபயர் வண்டி திரும்ப முடியாத இட்டேரியை அகலப்படுத்துவது, ராத்திரியில் வண்டி டிரைவர் வழி கண்டுபிடிக்கத் தெருவிளக்கும் பெயர்ப்பலகையும் வைப்பது, சுகாதார நிலையத்துக்கு மருந்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வருவது. கேரளாவில் 2008-லேயே பாலியேட்டிவ் கொள்கை வந்துவிட்டது, அந்த வேலை பஞ்சாயத்து வழியாகத்தான் நடக்கிறது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், அந்த நர்ஸ் ஒரு தடவை வந்து போனாலே வீட்டுக்குள் எவ்வளவு நிம்மதி வருகிறது என்று நான் என் அம்மா விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். பொள்ளாச்சிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். அங்கே ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்து நடக்கும், 2022-இலிருந்து மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்திருக்கிறது. இங்கே வார்டுக்கு வார்டு தனி சபை, மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூட்ட வேண்டும், கூட்டுகிறவர் உங்கள் வார்டு மெம்பர். தொடர்ந்து ரெண்டு தடவை கூட்டாவிட்டால் அவர் பதவியே போகலாம், அதனால் கூட்டம் எப்போது என்று கேட்கத் தயங்காதீர்கள். வார்டு ஓட்டர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு. 1,200 ஓட்டு இருக்கும் வார்டில் 120 பேர். இன்னொன்றும் உண்டு, அதே 10 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு, பேச வேண்டிய விஷயத்தையும் எழுதிக் கொடுத்தால் மெம்பர் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். பெண்களின் குழுவான குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் சொல்லிவிட்டால் கையெழுத்து சீக்கிரம் சேர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் நம் பக்கத்துக் கிராம சபைகளைத் தாங்கி நிற்பவர்களே அந்தப் பெண்கள்தான், ஆண்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

போகும்போது ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். பத்து விஷயத்தைக் கொட்டினால் ஒன்றுமே எழுதப்படாது. நாங்கள் கடைசியாகப் போனபோது எல்.பி. பள்ளிக் கழிப்பறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். எத்தனை பிள்ளைகள், எத்தனை கழிப்பறை, எதில் தண்ணீர் வரவில்லை என்று அரைப் பக்கம் எழுதி, போட்டோ நாலு வைத்து, பிள்ளைகளின் அம்மாமார் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அதே விஷயத்தை அதற்கு முந்தின கூட்டத்திலும் பேசியிருந்தோம், ஆனால் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், 'பொது விஷயங்கள் பேசப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். இந்தத் தடவை தீர்மான வாசகத்தையே நாங்கள் எழுதிக்கொண்டு போய், இதை அப்படியே சேருங்கள் என்று கேட்டோம். கூடுமானவரை எல்லோரும் ஒத்துப்போய் முடிவு எடுக்க வேண்டும் என்பது விதி, முடியாவிட்டால் பெரும்பான்மை போதும். ஆகவே கை தூக்கச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை கை என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

மலையாளத்தில் வேகமாகப் பேச வராதே என்று பயந்து பின்னால் உட்காருகிறவர்கள் நிறைய. தமிழிலேயே பேசுங்கள், சித்தூர் தாலுகாவில் அது யாருக்கும் புரியாத பாஷை இல்லை. தமிழ், கன்னட சிறுபான்மை மக்கள் தங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமே வழி வைத்தது. மனுவைத் தமிழில் கொடுத்து, கூடவே மலையாளத்தில் ஒரு பிரதியும் வைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும், ஹைஸ்கூல் பிள்ளைகள் யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வருகைப் பதிவேட்டில் உள்ளே நுழைந்ததுமே கையெழுத்து வாங்கிவிடுவார்கள், அதைப் போடுங்கள், ஆனால் போட்டுவிட்டு உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். கோரம் நிறைந்தது என்று காட்ட உங்கள் கையெழுத்து போதும், நீங்கள் கேட்டது எழுதப்பட்டதா என்று பார்க்க நீங்கள்தான் இருக்க வேண்டும். கூட்டம் முடியும்போது உங்கள் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், மலையாளத்தில் எழுதியிருந்தால் அது படிக்கத் தெரிந்த ஒருவரைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தேதியையும் தீர்மான வாசகத்தையும் உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போங்கள். முந்தின வருஷம் என்ன வேலை நடந்தது, எவ்வளவு செலவு என்பதைப் பஞ்சாயத்து சபையில் வைக்க வேண்டும். சபையின் முடிவு ஏதாவது நடக்காமல் போனால், ஏன் நடக்கவில்லை என்று பிரசிடென்ட் காரணம் சொல்லியாக வேண்டும், இதுவும் சட்டத்தில் உள்ளதுதான். எழுந்து நின்று தேதியைச் சொல்லி, தீர்மானத்தை வாசித்து, இது என்ன ஆயிற்று என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தையும் மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.