பர்மாவின் பெகு (இன்றைய பாகோ) பக்கத்து வயல்களில் நெல்லுக்குப் பின் உளுந்து: முதன்முறை விதைப்பவர்களுக்கு

கீழ்ப் பர்மாவில் தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் பிடித்து அக்டோபர் நடுவில் விடும். ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த ஐந்து மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையை நம்பி எதையும் விதைக்க முடியாது. ஆனாலும் பர்மியர்கள் மட்பே என்று சொல்லும் உளுந்து, நெல் விட்டுச்சென்ற ஈரத்தையும் மார்கழிப் பனியையும் கொண்டே இங்கு விளைந்துவிடுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் முன்னோர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அறுப்புக்குச் சில நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தை வீசுவார்கள். எங்கள் ஊரில் அறுத்தபின் உழுது விதைக்கிறோம்.

உளுந்துக்கான ஏற்பாடு ஜூன் மாதத்தில் நெல் நாற்று விடும்போதே தொடங்கிவிடுகிறது. டிசம்பர் வரை நிற்கும் நீண்டகால நெல்லை நட்டால், அறுத்து முடிப்பதற்குள் ஈரம் போய்விடும். ஆகவே, நவம்பர் முதல் வாரத்துக்குள் அறுவடைக்கு வரும் ரகத்தையே இந்த வயலுக்குத் தேர்ந்தெடுங்கள். அறுப்புக்குப் பத்து நாள் முன்பு வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

அடுத்தது விதை. நூறு விதைகளை எண்ணி, நனைத்த துணியில் சுருட்டி, துணி காயாமல் நான்கு நாள் வைத்திருந்து பாருங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். அதற்குக் குறைந்தால் வேறு விதை தேடுவதே நல்லது. கைவீச்சாக விதைக்க எங்களுக்கு ஏக்கருக்குப் பத்து வீசை போதுமாக இருக்கிறது. பர்மா வீசை 1.63 கிலோ என்பதையும், தமிழ்நாட்டின் பழைய வீசை 1.4 கிலோதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பாட்டி காலத்துப் பழைய வீசைக் கணக்கில் பத்து வீசை எடுத்தால் விதை குறைந்துவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அறுத்த வயலில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் செருப்பில்லாமல் நின்று, குதிகாலை அழுத்தி எடுங்கள். தடம் பதிய வேண்டும், சேறு குதிகாலில் ஒட்டி வரக்கூடாது. பிறகு நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் கசியக்கூடாது. இடுப்புயரத்திலிருந்து கீழே விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். அதுவே பதம். நான் தனியாக விதைத்த முதல் ஆண்டில், பக்கத்து வயல்காரர் விதைத்துவிட்டாரே என்ற பதற்றத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமலே வீசிவிட்டேன். நான்காம் நாள் மண்ணைக் கிளறியபோது விதைகள் ஊதி, தோல் வழுக்கி, புளித்த மாவு வாடை அடித்தது. ஒரு ஏக்கர் விதை முழுவதும் போயிற்று. "ஊரைப் பார்க்காதே தம்பி, குதிகாலைக் கேள்," என்று அப்பா அன்று சொன்னதை இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் கடைப்பிடிக்கிறேன்.

பதம் வந்த அன்றே உழவையும் விதைப்பையும் முடித்துவிட வேண்டும். ஆழமாக உழாமல் மேலோட்டமாக இரண்டு சால் ஓட்டி, விதையை வீசி, உடனே பரம்படித்து மண்ணை மூடுங்கள். உழுத வயலை இரவு முழுவதும் திறந்து போட்டால், விதைக்கு வேண்டிய ஈரம் காற்றோடு போய்விடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக் கடலில் புயல் எழுந்து பருவம் தவறிய மழை வரக்கூடுமாதலால், பத்தடிக்கு ஒரு வடிகால் கீறிவிடுவதும் அவசியம். உளுந்து வறட்சியைத் தாங்கும், நீர் தேங்குவதைத் தாங்காது.

இருபத்தைந்து நாள் ஆனதும் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறம், முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குச் சேர்த்துக்கொடுக்கிறது என்பதன் அடையாளம். யூரியாவுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. முடிச்சே இல்லையென்றால், அடுத்த ஆண்டு ரைசோபியம் கலந்து விதையுங்கள்.

இலையில் மஞ்சள் திட்டுகள் பரவினால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் தேமல். அந்தச் செடிகளை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மருந்தால் அவை தேறமாட்டா. தை மாத வாக்கில் குளிரும் பனியும் கூடும்போது இலைமேல் மாவு தூவியதுபோல் தெரிவது சாம்பல் நோய்; அடர்த்தியாக விதைத்த வயலில் இது அதிகம்.

விதைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில், காய்களில் பெரும்பாலானவை கறுத்ததும், பனி உலர்வதற்கு முன் விடியலில் அறுங்கள். வெயிலேறினால் காய் வெடித்து மணி வயலிலேயே கொட்டிவிடும். நம் உளுந்தில் பெரும்பங்கை வாங்குவது இந்தியா என்பதால், விலை நம் கையில் இல்லை. 2017இல் அந்நாடு இறக்குமதிக்கு அளவு வகுத்தபோது இங்கே விலை சரிந்தது. 2021இல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க ஒப்பந்தமாயிற்று. விலை இப்படி வெளிநாட்டு முடிவுகளோடு ஏறி இறங்குவதால்தான் கடன் வாங்கி உளுந்து போடாதீர்கள் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்.

விற்பதற்கு முன் அடுத்த நவம்பருக்கான விதையை எடுத்து வையுங்கள். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும்வரை காயவைத்து, ஆறவிட்டு, அடுப்புச் சாம்பல் கலந்து, மழைக்காலத்து ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண்மேல் சாக்கை ஏற்றிவிடுங்கள்.