ஏப்ரல் 5, மே 4 ஆன கதை

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு எழுதிய ஸ்கிரிப்டை எஸ்க்யூஎல் சர்வர் என்ற வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டு, "எரரே இல்லாம ஓடிடுச்சு அண்ணா" என்றான். எனக்கு அதுதான் பயம். விட்டுப்போன கமா, மாற்றாத ஃபங்ஷன் பெயர் எல்லாம் தானே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கத்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கோடு போட்ட தேதியை நம்புவது

'2019-04-05' என்றால் எங்கும் ஏப்ரல் 5 என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மைஎஸ்க்யூஎல்லில் அப்படித்தான். எஸ்க்யூஎல் சர்வரில் தேதியை வைக்கும் பழைய டேட்டைம் வகையிலோ, லாகினின் (உள்ளே நுழையும் கணக்கின்) மொழி பிரிட்டிஷ் இங்கிலீஷாக இருந்தால் அதையே ஆண்டு, நாள், மாதம் என்று படித்து மே 4 ஆக்கிவிடும். கவனியுங்கள், சர்வரின் மொழி அல்ல, லாகினின் மொழி.

ஒரு மொத்த வியாபாரியின் பில் கணக்கு. முதல் தவணையை என் லாகினில் ஏற்றினேன், சரியாக வந்தது. மிச்சத்தை ராத்திரி தானாக ஓடும் ஜாப் தன் லாகினில் ஏற்றியது. 12-ஆம் தேதிக்கு மேற்பட்ட வரிகள் எல்லாம் எரர் அடித்து, பிழைப் பதிவில் விழுந்தன. 13-ஆவது மாதம் கிடையாதே. விழுந்ததை என் லாகினில் மறுபடி ஓட்டினேன், ஏறிவிட்டது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். கெட்டுப்போனதோ சத்தமில்லாமல் ஏறிய வரிகள். வருடத்தில் 132 நாள் இப்படி இடம் மாறும். 1-1, 2-2 மாதிரி 12 நாள் தப்பும். இன்னும் பிறக்காத மாதத்தில் பில் இருக்கிறதே என்று அவர்கள் கணக்காளர் போன் செய்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நாளையும் மாதத்தையும் திருப்பிப் போடவும் வழியில்லை, என் லாகினில் ஏறிய சரியான வரிகளும் அதே டேபிளில் கலந்து கிடந்தன. முழுக்க அழித்து மறுபடி ஏற்ற மூன்று ராத்திரி.

கோடில்லாமல் '20190405' என்று எழுதுங்கள். இல்லையென்றால் டேட், டேட்டைம்2 வகைக்கு மாறுங்கள். ஆண்டை முதலில் எழுதினால் அவை மொழியைப் பார்ப்பதில்லை.

ஆரக்கிளின் டேட்

பெயர்தான் டேட், உள்ளே நொடி வரை நேரம் இருக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாற்றும்போது அங்கும் டேட் என்றே வைத்தால் நேரம் போயே போச்சு. டைம்ஸ்டாம்ப் வையுங்கள்.

நிமிடத்துக்கு எம்எம்

தேதியின் வடிவத்தை எழுதும்போது ஆரக்கிளில் எம்எம் (MM) என்றால் மாதம். நிமிடத்துக்கு எம்ஐ (MI).

0000-00-00

மைஎஸ்க்யூஎல்லில் தேதி இல்லாத இடத்தில் கிடக்கும் இதைப் போஸ்ட்கிரஸ் வாங்காது. காலியாக விடுங்கள், 1900 ஜனவரி 1 என்று போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

அப்புறம் பார்த்தால், பையன் சோதனைக்கு எடுத்தது ஒரு மாதத்தின் முதல் வார டேட்டா மட்டும். ஜாப் லாகினில் ஓட்டி, பழைய டேபிளோடு வரி வரியாக ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.